அணுகிப் பார்த்த கண்கள்

பழவங்காடிக்கு முதன்முறையாக வருபவர், கண்ணால் எதையும் காண்பதற்கு முன்னரே காதால் ஒன்றைக் கேட்பர். அது தேங்காய் உடைபடும் ஓசை. திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டைக்கு அணித்தாய் அமைந்த மகாகணபதி கோயிலின் முதன்மையான நேர்ச்சை அது. திருவிதாங்கூர்ப் படையினர் பத்மநாபபுரம் கோட்டையில் வைத்து வணங்கி வந்த கணபதி, படை தலைநகருக்கு மாறியபோது அவர்களுடனேயே இங்கு எழுந்தருளினார் என்பது கோயில் வரலாறு. மன்னராட்சி மறைந்து, அப்படை இந்தியப் படையோடு இணைந்த பின்னரும் அத்தொடர்பு அறவில்லை. கோயிலின் பொறுப்பு இன்றும் இந்தியப் படையினரிடமே இருந்து வருகிறது.

ஓசைக்கு அடுத்தபடியாக நம்மை ஈர்ப்பவை பூக்கள். கிழக்கே நீண்டு செல்லும் சாலைக் கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் அருகருகே நடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூக்களும் இங்குக் கூடை கூடையாய் இறங்குகின்றன. ஒரு நாள் காலையில், அக்கூடை ஒன்றில் செக்கச் செவேலென்று குவிந்திருந்த ஒரு பூங்கொத்தைக் கைப்பேசியில் மிக அணுக்கமாகப் படம் எடுத்தோம். வெறுங்கண்ணுக்கு ஒரே சிவப்புப் பந்தாய்த் தோன்றிய அது, படத்தில் தனித்தனிப் பூக்களாய்ப் பிரிந்தது. ஒவ்வொரு பூவுக்கும் நான்கு இதழ்கள். இதழ்களுக்கு இடையிடையே நான்கு மகரந்தத் தாள்கள். நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கும் சூல்தண்டு. கீழே ஊசிபோல் மெலிந்த நீண்ட குழல். அக்குழலின் வாயில் ஓர் எறும்பு வழி தேடிக்கொண்டிருந்தது.

படத்தைக் கூடைக்கு உரிய அம்மையாரிடம் காட்டி, "இதன் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டோம். "இங்க தெச்சி. மெட்ராஸ் பக்கம் இட்லிப்பூன்னு சொல்லுவாவ" என்றார் அவர். தோவாளைத் தமிழ் அது. நமக்குச் சங்க நூல்கள் நினைவுக்கு வந்தன. பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் வீரர்கள் சூடிய வெட்சி இதுவேயாகும். போர்த்திணை ஒன்றுக்கே பெயர் தந்த பூ, நம் நாளில் இட்லிக்கு உவமையாகிவிட்டது! ஆயினும் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பெயர் எதுவாயினும், அதைச் சொல்ல ஒருவர் அங்கே இருந்தார் என்பதே நமக்கு முக்கியமாகத் தோன்றிற்று. அஃது ஏன் என்பதற்கு ஒரு சிறு காரணம் உண்டு.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் பல்லாண்டுகளாக இருந்து வருகின்றோம். முன்னர்த் தில்லியில் இருந்த காலத்தில், உழவர்களுக்கான துண்டு வெளியீடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் பூச்சி ஒன்றின் அண்மைப்படம் இருந்தது. சிவந்த உடல், முதுகில் இரண்டு கரும்புள்ளிகள், கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டியது போன்ற கோடு, கால்களில் உள்ள மயிரையும் எண்ணிவிடலாம் போன்ற தெளிவு. அகராதிகளைப் புரட்டினோம், ஆங்கிலப் பெயருக்கு நேரான தமிழ்ப் பெயர் அகப்படவில்லை. நாள் நெருங்கியமையால், 'ஒரு வகைச் சிவப்புப் பூச்சி' என்று எழுதி அனுப்பிவிட்டோம். வெளியீடு அச்சாகி வந்தபின், கோவிற்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த அலுவலக ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது நாவாய்ப்பூச்சி ஆச்சே? வெடிச்ச பருத்திக் காயிலே கூட்டமாக் கெடக்குமே!" என்றார். அகராதிகள் சொல்லாததைக் கரிசற்காட்டில் வளர்ந்த ஒருவர் ஒரே நோக்கில் சொல்லிவிட்டார். படம் அத்தனை தெளிவாக இருந்தும், பெயர் அதில் இல்லை. பெயர் அவரிடம் இருந்தது. அவரைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றாமற் போனதுதான் பிழை.

அன்று முதல், சிறிய பொருள்களை அணுகிப் பார்த்துப் படமாக்கிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி நம்முடன் வருகிறது: படம் எடுத்தவர் ஒருவர், பெயர் சொன்னவர் யார்? நம் தென்னாட்டைப் பொறுத்தமட்டில், இக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் சுவையானவை.

புகைப்படக் கருவி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இவ்வரலாறு தொடங்கிவிட்டது. 1665ஆம் ஆண்டில், இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே தாம் கண்டவற்றை வரைந்து 'மைக்ரோகிராபியா' என்னும் நூலாக வெளியிட்டார். தெள்ளுப்பூச்சி அந்நூலில் மடித்து வைத்த பெருந்தாளில் பூனையளவு பெரிதாய்க் காட்சி தந்தது. ஈயின் கண்ணும் பேனின் காலும் ஐரோப்பிய மக்களுக்குப் புதிய உலகமாயின. அருவருத்து ஒதுக்கிய உயிர்களில் இத்துணை ஒழுங்கும் அழகும் உண்டோ என்று அவர்கள் வியந்தனர்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1678இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் வேறொரு பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்பது அதன் பெயர்; 'மலபாரின் தோட்டம்' என்று பொருள்படும். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராய் இருந்த வான் ரீடு என்பார் அதைத் தொகுப்பித்தார். பன்னிரண்டு தொகுதிகள் 1693 வரை வெளிவந்தன. ஏறத்தாழ 740 செடிகொடிகள் செப்புத்தகட்டு ஓவியங்களுடன் அவற்றுள் இடம்பெற்றன. ஐரோப்பியர் வரைந்தனர், ஐரோப்பியர் அச்சிட்டனர். ஆயினும் செடியின் பெயரையும் குணத்தையும் சொன்னவர் யார்? சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர் அவர்களுள் தலையாயவர். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணை நின்றனர். இவர்கள் தந்த சான்றுரைகள் இவர்களுடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. தாம் சொன்னவை உண்மை என்று இட்டி அச்சுதன் கையெழுத்திட்ட ஆண்டு 1675.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு அந்நூலில் இன்னொரு வியப்பும் உண்டு. மருத்துவர் மலையாளத்தில் சொன்னது போர்த்துகேசிய மொழிக்கு மாறி, அதிலிருந்து இலத்தீனுக்கு மாறிற்று. இத்தனை படிகள் ஏறி இறங்கியும் பெயர்கள் சிதையவில்லை. நம் பழவங்காடிக் கூடையில் கண்ட செத்திப் பூ, அந்நூலில் 'ஷெத்தி' என்னும் ஒலியோடு இடம்பெற்றிருக்கின்றது. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அதே செடிக்கு 'இக்சோரா காக்சினியா' என்று அறிவியற் பெயர் சூட்டினார். 'இக்சோரா' என்பது 'ஈசுவரன்' என்னும் சொல் போர்த்துகேசியர் நாவில் திரிந்து வந்த வடிவம் என்பர். தில்லியிலும் மும்பையிலும் செடி விற்போர் 'இக்சோரா' என்று ஆங்கிலப் பெயராகக் கூவி விற்பது நம் ஈசுவரனையேதான்! இந்நூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு இலத்தீனிலிருந்து பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அதைத் திருவனந்தபுரத்திலிருந்து வெளியிட்டது. மலையாளத்தில் சொல்லப்பட்ட செய்தி மலையாளத்துக்குத் திரும்பி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனிச் சோழநாட்டுக் கடற்கரைக்கு வருவோம். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. லின்னேயஸிடம் பயின்ற யோகான் கெரார்டு கோனிக் என்பார் 1768இல் மருத்துவராக அங்கு வந்து இறங்கினார். மருத்துவத்தைக் காட்டிலும் செடியும் பூச்சியுமே அவரை ஆட்கொண்டன. நம்மவர் வீட்டுக் கதவையும் ஓலைச்சுவடியையும் அரித்துத் தின்னும் கறையானை அவர் தஞ்சைப் பகுதியில் உட்கார்ந்து ஆராய்ந்து, 1779இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். பாம்பு வாழும் இடம் என்று நாம் பாலூற்றிய புற்றை, அதைக் கட்டிய உயிரின் வீடாகக் கண்டு எழுதியவர் அவர். 1785இல் ஆந்திரக் கடற்கரையில் அவர் காலமானார். ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

கோனிக்கின் பெயர் நம்முடைய அடுக்களையில் ஒளிந்திருக்கின்றது. கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் வரும் 'கோனிகியை' என்னும் சொல் அவரைக் குறிப்பது. வடநாட்டில் மாடி முகப்பில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலை வளர்க்கும் ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் கோனிக் குடியிருக்கின்றார். அதுமட்டுமன்று. நாம் 'ஒரு வகைச் சிவப்புப் பூச்சி' என்று எழுதி நாணிய அந்த நாவாய்ப்பூச்சியின் அறிவியற் பெயரும் 'டிஸ்டெர்க்கஸ் கோனிகியை' என்பதே. லின்னேயஸின் மற்றொரு மாணவரான பாப்ரிசியஸ் 1775இல் அதற்குக் கோனிக்கின் பெயரைச் சூட்டினார். இலத்தீன் மொழி, கண்டவரின் பெயரைக் காத்தது. 'கறிக்கு உதவும் வேம்பு போன்ற இலை' என்று, பொருளின் இயல்பையே பெயராக்கிக் காத்தது தமிழ். இரண்டும் வேண்டியவையே, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

அக்கறிவேப்பிலைத் தொட்டியையே சற்று அணுகிப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகின்றோம். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளரும் வண்ணத்துப்பூச்சிகள் சில உண்டு. அவற்றின் இளம்புழு இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே பழுப்பும் வெள்ளையுமாய்க் கிடக்கும். பறவை தன் எச்சத்தைத் தான் தின்னாதன்றோ? வளர்ந்தபின் அதே புழு இலையின் பச்சை நிறம் பூணும். அதைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறமுள்ள இரு கொம்புகளை நீட்டிக் கடுநாற்றம் வீசும். 'இலையைப் புழு தின்கிறது' என்று மருந்தடிப்பவர் இக்காட்சியைக் காண்பதில்லை. ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பவர் காண்பார்.

கோனிக்குக்கு அரை நூற்றாண்டு கழித்து இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தார். பாளையங்கோட்டையிலும் பின்னர்க் கோயம்புத்தூரிலும் வாழ்ந்தவர் அவர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தாவரப் படத்தொகுதியில் 2,101 படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்திலும் கிளையும் பூவும் ஒருபுறம் நிற்க, மறுபுறம் அப்பூவைப் பிரித்துப் பெரிதாக்கிய பகுதிகள் நிரலாக வரையப்பட்டிருக்கும். மகரந்தப்பை, சூலகம், விதை, விதையின் குறுக்குவெட்டு என ஒவ்வொன்றும் தெளிவாய் நிற்கும். இன்று நாம் அண்மைப்படம் என்று போற்றுவதன் முன்னோடி இதுவே எனலாம்.

இவற்றை வரைந்த கைகள் யாருடையவை? ரங்கையா, கோவிந்து என்னும் இரு தென்னிந்திய ஓவியருடையவை. தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்தவர் ரங்கையா என்பர் ஆய்வாளர். தெய்வத் திருவுருவங்களின் ஆடை மடிப்பையும் அணிகலன் நுணுக்கத்தையும் தீட்டும் மரபிலே பழகிய தூரிகை, உருப்பெருக்கியின் கீழே பூவின் உள்ளுறுப்பைத் தீட்டிற்று. வைட் நன்றி மறவாதவர். படங்களின் கீழே ஓவியர் பெயரைப் பொறித்தார். ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூவியா' என்றும் பெயரிட்டார். பிற்கால அறிஞர் அவ்வினத்தை வேறோர் இனத்தில் அடக்கிவிட்டமையால் அப்பெயர் இப்போது வழக்கில் இல்லை. ஆயினும் எடின்பரோ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007இல் இவ்விருவரைப் பற்றியும் விரிவான நூல் எழுதி, மறதியிலிருந்து அவர்களை மீட்டார்.

இதற்கிடையே புகைப்படக்கலை பிறந்துவிட்டது. 1839இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலையின் தந்தையருள் ஒருவரான டால்பட், சூரிய ஒளியால் இயங்கும் உருப்பெருக்கியைக் கொண்டு பூச்சியின் சிறகை அக்காலத்திலேயே படமாக்கினார். அப்படியாயின், ஓவியரின் தூரிகை அன்றே ஓய்ந்திருக்க வேண்டுமன்றோ? ஓயவில்லை. மேலும் ஒரு நூற்றாண்டு அதுவே கோலோச்சிற்று.

நம் நாட்டில் புகைப்படக் கருவி முதலில் நாடியது பெரிய பொருள்களை. சென்னை அரசின் புகைப்படக்காரராய் இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சை, மதுரை, திருச்சிராப்பள்ளிக் கோயில்களைப் படமெடுத்தார். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாய்ப் படம்பிடித்து, 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கல் அசையாது, எழுத்தும் அசையாது. ஒளி உள்ளே புகுந்து படம் பதிய அக்காலத்தில் நெடுநேரம் வேண்டியிருந்தது. எறும்பு அதுவரை காத்திருக்குமா?

இந்நகரத்தின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. பழவங்காடியிலிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டர் அளவில், 1880இல் சிசோம் அமைத்த அழகிய அருங்காட்சியகம் நிற்கின்றது. அதன் தலைவராய் இருந்த பெர்குசன் என்பார் 1891இல் திருவிதாங்கூர் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியலை வெளியிட்டார். அக்காலத்தில் ஒரு பூச்சியை அணுகிப் பார்ப்பது என்றால், அதைப் பிடித்துக் கொன்று, ஊசி குத்திப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதே. உயிருள்ள பூச்சியை அது இருந்த இலையின்மேலேயே படமாக்குவது எளிதாய் இருக்கவில்லை.

பூச்சி நிலையாய் இருந்தாலும் வேறோர் இடர்ப்பாடு உண்டு. பொருளின் உருவம் படச்சுருளின்மேல் அதன் மெய்யான அளவிலேயே விழுவதை 'ஒன்றுக்கு ஒன்று' என்பர். 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஒரு படம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பு, அந்நிலையில் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும். ஆனால் வில்லையை அத்துணை முன்னே தள்ள வேண்டியிருப்பதால், சுருளுக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காய்க் குறைந்துபோகும். அதனினும் பெரிய தொல்லை தெளிவின் ஆழம். ஒளித்துளையை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கி வைத்தாலும், தெளிவாய் விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமே. எறும்பின் கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கண் மங்கும். துளையை இன்னும் மிகச் சுருக்கினாலோ ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதுமே மழுங்கும். காற்றில் இலை ஒரு நூலளவு அசைந்தாலும் எல்லாம் வீண்.

ரங்கையாவின் தூரிகைக்கு இத்தொல்லை ஏதும் இல்லை. அவர் பூவின் முன்பகுதியைப் பார்த்து வரைவார். பிறகு பின்பகுதியைப் பார்த்து வரைவார். தாளில் இரண்டும் ஒருங்கே தெளிந்து நிற்கும். கருவி ஒரு நொடியில் ஓர் ஆழத்தை மட்டுமே காணும். ஓவியர் பலமுறை பார்த்ததை ஒரே படமாக்குவார். ஆகவேதான் 1914இல் பெய்ன்பிரிக் பிளெட்சர் சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெருநூலிலும் ஓவியங்களே ஆட்சி செய்தன. உழவர்க்குப் பகையான பூச்சிகளை ஆராய்ந்த டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியாவுக்கெனப் பூச்சியியல் கையேடு வெளியிட்ட காலத்திலும், ஓவியரின் துணை இன்றிப் பூச்சி நூல் இயலாது என்ற நிலையே இருந்தது.

வில்லை செய்வோர் இக்குறையைத் தீர்க்க முயன்ற கதையில் ஓர் எழுத்தின் பங்கு உண்டு. ஜப்பானியர் தம் நூல்களையும் ஆவணங்களையும் நுண்படச் சுருளில் பதிந்து காக்க விரும்பினர். ஆங்கில எழுத்துக்குப் போதுமான வில்லை, கோடுகள் நெருங்கிய சீன வடிவ எழுத்துக்குப் போதவில்லை; எழுத்துகள் அப்பி நின்றன. எனவே அணுக்கத்தில் மிக நுட்பமாய்க் காணவல்ல வில்லை ஒன்றை நிக்கான் நிறுவனத்தார் வடித்து, 1956இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1961இல் அதன் புதிய வடிவம் வந்தது. எழுத்துக்காகச் செய்த வில்லையை இயற்கை ஆர்வலர் பூச்சிக்கும் பூவுக்கும் திருப்பினர். தஞ்சைக் கல்வெட்டையும் ஜப்பானிய ஏட்டையும் படமாக்கிய அதே ஆவல்தான் வண்டின் முதுகையும் படமாக்கிற்று. நுட்பமாய்ப் படிக்க வேண்டும் என்னும் ஆவல் அது.

தெளிவின் ஆழம் என்னும் இடர்ப்பாடு கணினி வந்தபின்னரே தீர்ந்தது. கண்ணுக்கு ஒரு படம், காலுக்கு ஒரு படம், சிறகுக்கு ஒரு படம் என ஆழத்தைச் சிறிது சிறிதாய் மாற்றிப் பல படங்கள் எடுக்கின்றனர். ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினி தேர்ந்து ஒன்றாய் இணைக்கின்றது. ஓவியர் தம் கண்ணாலும் கையாலும் செய்துவந்த வேலை இதுவேயன்றோ! ரங்கையாவும் கோவிந்துவும் செய்ததைக் கருவி செய்ய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

இன்று அக்கருவி நம் சட்டைப்பையில் இருக்கின்றது. விலையுயர்ந்த வில்லை வேண்டுவதில்லை. நல்ல கைப்பேசியே ஒரு சாண் தொலைவுக்குள் சென்று பார்க்கவல்லது. வெயில் ஏறுமுன் செல்பவருக்கு வெற்றி எளிது. இரவுக் குளிரில் உடல் விறைத்த பூச்சிகள் காலையில் விரைந்து பறப்பதில்லை, பனித்துளியும் சாய்ந்த ஒளியும் துணைநிற்கும், காற்றும் அடங்கியிருக்கும். இதற்கு வேண்டுவதெல்லாம் பொறுமையும் மண்ணில் முழங்காலூன்றத் தயங்காத மனமுமே.

ஆகக் கருவி ஓவியரை எட்டிப் பிடித்துவிட்டது. ஆனால் இட்டி அச்சுதன் செய்ததை அது செய்யுமா? அறிவியற் பெயரை ஊகித்துச் சொல்லும் கணினி முறைகள் வந்துவிட்டன. அவை பெரும்பயன் தருவன. ஆயினும் கரிசற்காட்டில் அதற்கு என்ன பெயர், தோவாளையில் என்ன பெயர், எந்தப் புண்ணுக்கு எந்த இலையை அரைத்தார்கள், எந்தப் பூச்சி வந்தால் மழை வரும் என்றார்கள் என்பதை எவரேனும் சொல்லியிருந்தாலன்றி எந்தக் கணினியும் அறியாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசைப்படுத்தினார். அவற்றுள் சில எந்தப் பூ என்று துணிய இயலாமல் இன்று உரையாசிரியர்களும் தாவர அறிஞர்களும் வாதிடுகின்றனர். பெயர் தங்கிற்று, பூ எது என்பது நழுவிற்று. நம் காலத்தில் இது தலைகீழாய் நடக்கும் அச்சம் இருக்கின்றது. பூவின் படங்கள் கோடிக்கணக்கில் தங்கும், பெயர் நழுவிவிடும்.

இவ்வச்சம் வெளி மாநிலங்களில் வாழும் நமக்கே மிகுதி. ஊரில் வளரும் பிள்ளைக்குப் பாட்டியோ பக்கத்து வயற்காரரோ பெயர் சொல்லக்கூடும். பூனாவிலும் போபாலிலும் வளரும் பிள்ளைக்கு நாம் சொன்னாலன்றி வேறு யார் சொல்வார்? நம் வீட்டிலேயே இது நேர்ந்தது. கறிவேப்பிலைத் தொட்டியில் இருந்த புழுவைப் படமெடுத்து வந்த சிறுமி, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டபோது, மொழிபெயர்ப்பாளராகிய நாம் மீண்டும் 'ஒரு வகைப் புழு' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டோம்.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 1954 முதல் பெ. தூரன் தலைமையில் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம், செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் தமிழிலேயே விளக்கம் எழுத முடியும் எனக் காட்டிற்று. கேரளம் 2018இல் புத்தமயூரி என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலத்தின் அடையாளமாய் ஏற்றது. தமிழ்நாடு 2019இல் ஒரு வண்ணத்துப்பூச்சியை அவ்வாறே ஏற்று, 'தமிழ் மறவன்' என்று அதை அழைத்தது. 2008இல் தோன்றிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது ஏடுகளில், யார் வேண்டுமானாலும் தாம் எடுத்த படத்தை இடம், நாள் ஆகியவற்றோடு சேர்க்கலாம்; அறிஞர்கள் அதை ஆய்வுக்குப் பயன்படுத்துகின்றனர். உயிர்களின் பெயரை வட்டார மொழிகளிலும் அங்குச் சேர்க்க இயலும். அங்கே வான் ரீடும் நாமே; இட்டி அச்சுதனும் நாமே.

எனவே நேயர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. நீங்கள் வாழும் நகரத்தில் ஒரு பூவையோ பூச்சியையோ அணுகிப் படமெடுத்தால், அதனடியில் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: எங்கே கண்டது, என்று கண்டது, உங்கள் ஊரில் அதை எப்படி அழைப்பார்கள். பெயர் தெரியாவிடின், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது படத்தைப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ஒரே பூவுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் கிடைத்தால், மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம்.

பழவங்காடியில் எடுத்த படத்தின் அடியில் நாமும் அவ்வாறே எழுதி வைத்தோம். வெட்சி; தெச்சி; செத்தி; இட்லிப்பூ; இக்சோரா. அந்த அம்மையார் எட்டிப் பார்த்து, "ஒரு பூவுக்கு இத்தனை பேரா?" என்று சிரித்துவிட்டு, கோயிலுக்குச் செல்பவர் ஒருவருக்கு அதே பூவை அள்ளி இலையில் கட்டிக் கொடுத்தார். உள்ளே தேங்காய் உடையும் ஓசை கேட்டது. படத்தில் இருந்த எறும்பு அந்தப் பொட்டலத்தோடு கணபதியிடம் சென்றிருக்கக்கூடும். அது எந்த எறும்பு என்று கேட்க மறந்துவிட்டோம். அடுத்த முறை சென்று கேட்போம்.